பின்னால் எதுவும் வராது!

பட்டிமன்றத் தலைப்பு: பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது வேகமா? நிதானமா?

('நிதானமே' என்ற அணியில் ஆற்றிய உரை)

வீட்டில் அடுப்பைச் சிறுதீயில் வைத்துவிட்டு வந்து தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

சிறுதீயில் வைக்கிறவர்கள் எல்லாரும் என் கட்சி. நிதானம்தான் ருசி என்பது அவர்களுக்குத் தெரியும். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பாதி வார்த்தை காதில் விழுந்தது. மீதி வார்த்தை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. (சிரிப்பு, கைதட்டல்)

அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஆம்புலன்ஸ் மெதுவாப் போனா ஒத்துக்குவீங்களா?" நடுவர் அவர்களே, ஒத்துக்க மாட்டேன். ஆம்புலன்ஸ் பறக்கணும். தீயணைப்பு வண்டி பறக்கணும். ஆனால் ஆம்புலன்ஸில் போன யாராவது திரும்பி வந்து, "ஆகா, என்ன இன்பமான பயணம்!" என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? தலைப்பு பயணத்தின் பயனைப் பற்றியது அல்ல. இன்பத்தைப் பற்றியது. அவசரத்துக்கு வேகம் வேண்டும். ஆனந்தத்துக்கு நிதானம்தான் வேண்டும். இதை நிறுவத்தான் வந்திருக்கிறேன்.

தமிழில் 'ஆறு' என்று ஒரு சொல். ஆறு என்றால் நதி. ஆறு என்றால் வழி. பரிசில் தேடிப் போகிறவனுக்கு வழி காட்டிய நூலுக்கு 'ஆற்றுப்படை' என்று பெயர் வைத்தார்கள். தண்ணீர் போகிற பாதைக்கும் மனிதன் போகிற பாதைக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தார்கள். முப்பது வருஷமாக வகுப்பறையில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லின் பொருளைக் கண்ணால் பார்த்தது 2019 செப்டம்பரில். எங்கே? ஆல்ப்ஸ் மலைக்குள்ளே, இத்தாலியின் வடகோடியில்.

என் மகளும் மருமகனும் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இருக்கிறார்கள். நானும் என் துணைவியாரும் பேத்தியைப் பார்க்கப் போயிருந்தோம். மருமகன் சொன்னார்: "மாமா, எல்லையைத் தாண்டினா ஆதிஜேன்னு ஒரு ஆறு. அதன் கரையிலே சைக்கிளுக்குன்னே தனியா ரோடு போட்டிருக்காங்க. கார் கிடையாது, லாரி கிடையாது. ரெண்டு நாள் போய்ட்டு வரலாம்."

நான் என் வீட்டம்மாவைப் பார்த்தேன். அவங்க சைக்கிள் ஓட்டி முப்பது வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்கு நாலு மைல் தினமும் சைக்கிளில் போன பெண். கல்யாணமாகி டவுனுக்கு வந்த புதிதில் ஒரு நாள் சைக்கிளில் காய் வாங்கப் போனார்கள். பின்னால் ஒரு பஸ். விடாமல் ஹாரன். ஒதுங்க இடமில்லை. பதறிச் சாக்கடைக்குள் விழுந்தார்கள். முழங்கையில் நாலு தையல். தையல் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அன்றைக்கு நிறுத்திய சைக்கிள் நிறுத்தியதுதான்.

நடுவர் அவர்களே, இதைக் கவனிக்க வேண்டும். அந்த பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது வேகம். அதற்கு முன்னால் சைக்கிளில் போனவளுக்கு அது பயம். ஒருவருடைய வேகம் எப்போதுமே இன்னொருவருடைய முதுகுக்குப் பின்னால்தான் வருகிறது. (கைதட்டல்)

சரி, ஆதிஜே ஆற்றுக்கு வருகிறேன். போ நதிக்கு அடுத்தபடியாக இத்தாலியின் நீளமான ஆறு இதுதான். 410 கிலோமீட்டர். ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ரெஷன் கணவாய்க்குப் பக்கத்தில் பிறந்து, மெரான், போல்சானோ, டிரென்டோ, வெரோனா என்று ஊர் ஊராக இறங்கி அட்ரியாட்டிக் கடலில் சேர்கிறது. மேல் பகுதி முதல் உலகப் போருக்கு முன்பு ஆஸ்திரியாவிடம் இருந்தது. அதனால் இன்றைக்கும் அங்கே பெரும்பாலோர் பேசுவது ஜெர்மன் மொழி. எல்லாப் பலகையிலும் இரண்டு மொழி. ஆற்றுக்கே இரண்டு பெயர். இத்தாலியனுக்கு ஆதிஜே, ஜெர்மன் பேசுகிறவனுக்கு எட்ச். ஆறு எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ளாமல் ஓடுகிறது. (சிரிப்பு)

இந்தப் பள்ளத்தாக்கு இருக்கிறதே, இது இரண்டாயிரம் வருஷமாக அவசரக்காரர்களுக்கு வழி விட்ட பள்ளத்தாக்கு. முதலில் ரோமானியப் படை வந்தது. கிளாடியஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 46-47-ல், ஆல்ப்ஸைக் கடக்க இந்த வழியாகச் சாலை போட்டார்கள். அந்தச் சாலையின் மைல்கல் ஒன்று 1552-ல் ராப்லாந்து என்ற ஊரில் கிடைத்தது. அடுத்து ரயில். 1859-ல் வெரோனாவிலிருந்து போல்சானோவுக்கு வந்துவிட்டது. அடுத்து மோட்டார் நெடுஞ்சாலை. ஆஸ்திரிய எல்லையிலுள்ள பிரென்னர் கணவாயிலிருந்து மோதெனா வரை 314 கிலோமீட்டர், 1974-ல் முழுதாகத் திறந்தார்கள். போல்சானோவுக்குத் தெற்கே ஆற்றோடு சேர்ந்து போகிறது. லாரி லாரியாக, நாள் முழுக்க.

படைக்கு ஒரு வழி, ரயிலுக்கு ஒரு வழி, லாரிக்கு ஒரு வழி. எல்லாமே 'சீக்கிரம், சீக்கிரம்' என்றவர்களுக்குக் கொடுத்த வழி. கடைசியாக, கடந்த சில பத்தாண்டுகளில்தான், அந்த ஊர்க்காரர்களுக்கு ஞானம் வந்தது. மெதுவாகப் போகிறவனும் மனுஷன்தானே, அவனுக்கு ஒரு வழி வேண்டாமா? துண்டு துண்டாகப் போட்டு, ஒட்டுப் போட்டு, ரெஷன் கணவாயிலிருந்து வெரோனா வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சைக்கிளில் போகும்படி செய்துவிட்டார்கள்.

நாங்கள் அதில் மேல் பகுதியைப் பிடித்தோம். வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு. மெரானிலிருந்து மால்ஸ் என்கிற மலையூருக்கு ஒரு சின்ன ரயில் போகிறது. 1906-ல் திறந்த பாதை. நஷ்டம் என்று நிறுத்தி, 1990-களில் ரயிலே ஓடாமல் கிடந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 2005-ல் மறுபடி ஓடவைத்தார்கள். அதில் ஏறி மேலே போகலாம். ஸ்டேஷனிலேயே வாடகை சைக்கிள். மேலே எடுத்துக்கொண்டு கீழே இன்னொரு ஸ்டேஷனில் விட்டுவிடலாம். மால்ஸ் ஆயிரம் மீட்டர் உயரம். மெரான் முந்நூற்றுச் சொச்சம். அறுபது கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். நம்ம வயசுக்கு ஏற்ற வீரம்! (சிரிப்பு)

மால்ஸில் சைக்கிளைக் கையில் கொடுத்தார்கள். என் வீட்டம்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கை நடுங்குகிறது. "ஏங்க, நான் ரயில்லயே வந்துடறேனே." ஏழு வயசுப் பேத்தி சொல்கிறாள்: "பாட்டி, நான் உங்களுக்கு முன்னாடி போறேன். பயப்படாம என் பின்னாடியே வாங்க." காலம் எப்படித் திரும்புகிறது பாருங்கள்!

ஏறி உட்கார்ந்தார்கள். சைக்கிள் நீச்சல் மாதிரி, உடம்பு மறப்பதில்லை. பத்தே நிமிஷத்தில் நேராகப் போகிறார்கள். ஆனால் ஒன்று. நூறு அடிக்கு ஒரு தடவை தலை திரும்பிப் பின்னால் பார்க்கிறது. பின்னால் ஒன்றுமில்லை. மறுபடி நூறு அடி. மறுபடி திரும்பிப் பார்க்கிறார்கள். என் மகள் பக்கத்தில் வந்து சொன்னாள்:

"அம்மா, பின்னாடி பாக்காதீங்கம்மா. பின்னாடி எதுவும் வராது."

நடுவர் அவர்களே! ஆயிரக்கணக்கான மேடை ஏறியிருக்கிறேன். இந்த மூன்று சொல்லுக்கு ஈடான ஒரு வாக்கியத்தை நான் பேசியதில்லை. 'பின்னாடி எதுவும் வராது.' ஒரு சாலை மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய வரம் இதுதான். (பலத்த கைதட்டல்)

அதன் பிறகு என்ன நடந்தது? கண் முன்னால் வந்தது! பின்னால் பார்த்துக்கொண்டிருந்த கண், முன்னால் பார்க்க ஆரம்பித்தது. குளுர்ன்ஸ் என்று ஓர் ஊர். சுற்றி முழுக்கக் கோட்டைச் சுவர், மூன்று வாசல் கோபுரம். உள்ளே இருப்பவர்கள் ஏறத்தாழ தொள்ளாயிரம் பேர். நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்காரவைத்துவிடலாம். (சிரிப்பு) அந்தக் கோட்டை வாசல் வழியாகச் சைக்கிளில் நுழைந்து அடுத்த வாசல் வழியாக வெளியே வந்தோம். காரில் போயிருந்தால் 'அதோ ஒரு கோட்டை' என்று ஒரு விரலை நீட்டியிருப்போம்.

அடுத்து லாஸ் என்ற ஊர். ஊரே வெள்ளைப் பளிங்குக்குப் பெயர் போனது. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைச் சிலுவைகளுக்கு இங்கிருந்து பளிங்கு போனது. கல்லைப் பார்த்தால் வெறும் கல்தான். மெதுவாகப் போகிறவனுக்குத்தான் அந்தக் கல் போன தூரம் ஞாபகம் வருகிறது.

அப்புறம் ஆப்பிள் தோட்டம். கையெட்டும் தூரத்தில் காய் தொங்குகிறது. செப்டம்பர் அறுவடைக் காலம். இத்தாலியின் ஆப்பிளில் ஏறத்தாழ பாதி இந்த மாகாணத்தில்தான் விளைகிறது. விசேஷம் என்ன தெரியுமா? ஆல்ப்ஸிலேயே மழை குறைந்த பள்ளத்தாக்குகளில் இது ஒன்று. வருஷத்துக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. பிறகு எப்படி விளைகிறது? பனிமலை ஓடைத் தண்ணீரை நூற்றாண்டுக் கணக்கில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். நம்ம ஊரில் நீர்க்கட்டி என்போமே, அதே வேலை. அவர் நடந்து நடந்து உண்டான பாதைகளில் இன்று ஊரே காற்றாட நடக்கிறது. வசந்தத்தில் பூ பூத்த நேரம் உறைபனி விழுந்தால் இன்னொரு வேடிக்கை. ராத்திரியில் மரத்துக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் பூவின் மேல் பனிக்கட்டியாக உறையும். உறையும்போது விடுகிற சூடே பூவைக் காப்பாற்றும். பனியை வைத்தே பனியிலிருந்து காக்கிற புத்தி! இதையெல்லாம் நான் எப்படித் தெரிந்துகொண்டேன்? தோட்டத்தில் காய் பறித்தவர் சொன்னார், மருமகன் மொழிபெயர்த்தார். சைக்கிளை நிறுத்தக் கால் ஊன்றினால் போதும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனிடம் யார் பேச முடியும்?

வழியில் எழுபது, எழுபத்தைந்து வயதுள்ள ஒரு பாட்டி எதிரே சைக்கிளில் வந்தார். முன் கூடையில் ரொட்டி, கீரை. எங்களைப் பார்த்து "கிரூஸ் காட்" என்று சிரித்துக்கொண்டே போனார். 'கடவுள் வாழ்த்தட்டும்' என்று அர்த்தமாம். நெடுஞ்சாலையில் எதிரே வருகிற வண்டி நம்மை வாழ்த்தியதுண்டா? கண்ணில் வெளிச்சத்தை அடிக்கும். காதில் ஹாரனை அடிக்கும். வாழ்த்துச் சொல்வதற்கும் ஒரு வேக வரம்பு இருக்கிறது ஐயா! (கைதட்டல்)

(நடுவர்: பேராசிரியரே, ஒரு சந்தேகம். அவ்வளவு சொர்க்கமா அது? குறையே கிடையாதா?)

இருக்கிறது ஐயா. நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். முழுக்க முழுக்கத் தனிப்பாதை அல்ல. ஊருக்குள் வந்தால் தெருவில் போக வேண்டும். தோட்டத்துப் பாதையில் ஆப்பிள் பெட்டி ஏற்றிய டிராக்டர் வரும். ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். கார் ரோடும் அந்தப் பக்கம் இருக்கத்தான் செய்கிறது. இரைச்சல் சில இடத்தில் கேட்கிறது. மெரானுக்குச் சற்று முன்னால் டோல் என்ற இடத்தில் ஆறு சடாரென்று இறங்குகிறது. அங்கே 1898 முதல் நீர்மின் நிலையம். பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. நான் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். (சிரிப்பு) மறுநாள் போல்சானோவுக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனோம். மத்தியானம் ஆனால் கார்தா ஏரிப் பக்கமிருந்து எதிர்க்காற்று. 'ஓரா' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மிதித்தால் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஐயா, காற்றோடு போராடினால் களைப்பு வரும்; அவமானம் வராது. லாரியோடு போராடினால்தான் இரண்டும் வரும்.

எதிரணியிலிருந்து ஒரு குரல் வருவது கேட்கிறது. "சைக்கிள்காரன் மட்டும் என்ன, வேகம் பிடிக்காதவனா?" பிடிக்கும். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் ஸ்டெல்வியோ கணவாய்க்கு ரோடு ஏறுகிறது. 2757 மீட்டர் உயரம். இந்தப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு. 1820 முதல் 1825 வரை கட்டியது. உலகத்துப் பந்தய வீரனெல்லாம் வந்து மூச்சு வாங்குகிற இடம். அவர்களுக்காகவும் வருஷத்தில் ஒரு நாள் அந்த ரோட்டைக் காருக்கு மூடிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். வேகக்கார வீரனுக்கே என்ன தேவைப்படுகிறது பாருங்கள்! தன்னைவிட வேகமானது பின்னால் வராத ஒரு நாள்! இன்னொன்று. மின்சார உதவி சைக்கிள் இப்போது அங்கே ஏராளம். ஐரோப்பியச் சட்டப்படி மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டால் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும். நிதானத்துக்கு எல்லை கட்டத் தேவையில்லை. வேகத்துக்குத்தான் எல்லை கட்டவேண்டியிருக்கிறது.

"வெள்ளைக்காரன் பணம் வைத்திருக்கிறான், செய்கிறான்" என்று ஒரு வாதம் வரும். பணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எதை வைத்துச் செய்தான் என்று பாருங்கள். 1882-ல் அந்த ஆற்றில் பெரிய வெள்ளம். ஆற்றை அடக்கக் கரை கட்டி, கரையைப் பராமரிக்க மேலே ஒரு பாதை விட்டிருந்தார்கள். போல்சானோவுக்குத் தெற்கே சைக்கிள் பாதை பெரும்பாலும் அந்தக் கரை மேல்தான் போகிறது. பக்கத்திலேயே கால்டார்ன் ஊருக்கு 1898-ல் ஒரு ரயில் பாதை போட்டார்கள். 1971-ல் அது அடியோடு நின்றது. அந்தத் தடத்தில் இன்று சைக்கிள் ஓடுகிறது. மேலே வின்ஷ்காவில் தோட்டத்து வண்டிப்பாதை. ஆற்றங்கரை, பழைய தண்டவாளத் தடம், தோட்டத்துப் பாதை. இருந்ததைத்தான் எடுத்தான். புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று: மெதுவாகப் போகிறவனும் நம் ஆள்தான் என்கிற மரியாதை. (கைதட்டல்)

அன்றைக்குச் சாயங்காலம் மெரான் வந்து சேர்ந்தோம். காரில் ஒரு மணி நேரத்து வழி. நாங்கள் சாப்பிட்டு, உட்கார்ந்து, பேசி, வந்து சேர ஏழு மணி நேரம். என் வீட்டம்மா சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் அதன் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய முகம் அல்ல. நாலு மைல் பள்ளிக்கூடம் போன அந்தப் பெண்ணின் முகம். நடுவர் அவர்களே, வேகம் ஒருவரை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒருவரை அவருடைய பதினைந்து வயதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நிதானத்தால்தான் முடியும்.

ஊர் திரும்பினோம். எங்கள் வீட்டில் மகள் படித்த காலத்து லேடீஸ் சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு நாள் பார்த்தால் துடைத்து, எண்ணெய் விட்டு, காற்றடித்து நிற்கிறது. விடியற்காலை நாலரை மணி. இருட்டு. வாசல் கதவு திறக்கும் சத்தம். எழுந்து போய், "எங்கே இந்த நேரத்தில்?" என்றேன். அவர்கள் சொன்னது இதுதான்:

"விடியறதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேங்க. இந்நேரம்தான் பின்னாடி எதுவும் வராது."

(அரங்கில் அமைதி)

ஆதிஜே கரையில் பட்டப்பகலில் கிடைத்த நிம்மதியை, இங்கே அவர்கள் இருட்டில் தேடிப் போகிறார்கள். எனக்கு ஆல்ப்ஸ் மலை வேண்டாம் ஐயா. ஆப்பிள் மரம் வேண்டாம். பத்தடி அகலத்துக்கு ஒரு பாதை; பகல் வெளிச்சத்தில் பின்னால் பார்க்காமல் போக ஒரு பாதை. அது போதும்.

தொடக்கத்தில் சொன்னேன். ஆறு என்றால் நதி. ஆறு என்றால் வழி. மூன்றாவது பொருளை மறைத்து வைத்திருந்தேன். மனம் ஆறு, பயம் ஆறு என்கிறோமே, அந்த ஆறு. ஆற்றங்கரையில் ஒரு வழி இருந்தால் மனுஷனுக்கு ஆறுதல் இருக்கிறது. முப்பது வருஷம் ஆறாத ஒரு பயத்தை ஒரே பகலில் ஆற்றியது எது? வேகமா? அந்த வேகம்தானே அவரைச் சாக்கடையில் தள்ளியது! ஆற்றியது நிதானம்.

ஆகவே, பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது நிதானமே, நிதானமே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, நிதானமாகப் போய் அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)